வானத்தில் கரும்புள்ளிகள், லென்ஸ் பிழைச் செய்தி, கூர்மையற்ற படங்கள்: சென்சாரை மாற்றித்தான் ஆக வேண்டுமா?

உப்பங்கழி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் வேதாரண்யத்தில் வசிக்கிறேன். கோடியக்கரைக்கு வலசை வரும் பறவைகளைப் படமெடுப்பதற்காகவே, ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்திய டிஎஸ்எல்ஆர் கேமரா ஒன்றை 18-55 மி.மீ., 70-300 மி.மீ. ஆகிய இரண்டு லென்ஸ்களுடன் வாங்கி, இதுவரை குறையேதும் இல்லாமல் பயன்படுத்தி வந்தேன். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பூநாரைகள் உப்பளங்களை ஒட்டிய சதுப்பு நிலத்தில் இறங்கத் தொடங்கிய பிறகு மீண்டும் கேமராவைக் கையில் எடுத்ததிலிருந்து தொல்லைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தலைகாட்டுகின்றன.

முதலாவது, வானம் அதிகம் தெரியும்படி எடுக்கும் படங்களில் சாம்பல் நிறத்தில் மங்கலான வட்டப் புள்ளிகள் விழுகின்றன. கேமராவின் பின்திரையில் இவை கண்ணுக்குப் படுவதில்லை. கணினியில் பெரிதாக்கிப் பார்க்கும்போதுதான் தெரிகின்றன. எந்த லென்ஸை மாட்டினாலும் அதே இடத்தில்தான் இருக்கின்றன. ஆனால், வீட்டு விசேஷங்களின்போது அறைக்குள் எடுத்த படங்களில் ஒரு புள்ளிகூட இல்லை.

இரண்டாவது, 70-300 லென்ஸை மாட்டியிருக்கும்போது, லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையிலான தொடர்பு சரியில்லை, மின்முனைகளைத் துடைக்கவும் என்ற பொருளில் ஒரு செய்தி திரையில் தோன்றி, ஷட்டர் பொத்தான் வேலை செய்யாமல் நின்றுவிடுகிறது. அணைத்துவிட்டு மீண்டும் போட்டால் சிறிது நேரம் ஒழுங்காக இயங்குகிறது. சிறிய லென்ஸில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, அதே பெரிய லென்ஸில் எடுக்கும் படங்களில் பழைய கூர்மை இல்லை. பறக்கும் பறவை மட்டுமல்ல, ஒற்றைக்காலில் அசையாமல் நிற்கும் பூநாரைகூடத் தெளிவாக விழுவதில்லை. சூரியன் இருக்கும் திசையை நோக்கி எடுத்தால் படம் முழுவதும் வெளிறி, கறுப்பாகத் தெரிய வேண்டிய இடமெல்லாம் சாம்பலாகிவிடுகிறது.

ஒரு கடையில் காட்டினேன். படங்களைப் பார்த்தவுடனேயே, ஒளியைப் படமாகப் பதிவு செய்யும் சென்சார் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் கேட்ட தொகை, கேமராவுக்கு நான் கொடுத்த விலையை ஏறக்குறைய எட்டுகிறது. அவ்வளவு பணத்தை இப்போது என்னால் புரட்ட இயலாது. வலசைக் காலமும் நீண்ட நாள் நிற்காது. சென்சார்தான் காரணமா என்பதை வீட்டிலேயே எப்படிச் சோதிப்பது, எதை நானே சரிசெய்யலாம், எதில் கை வைக்கவே கூடாது என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் மிகவும் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழுதுமேசை எழுதியது:

வணக்கம் ஐயா. சென்னையில் கேமராக்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருக்கிறேன். நீங்கள் எழுதியுள்ள அடையாளங்களை வைத்துப் பார்த்தால், சென்சார் பழுதாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தயவுசெய்து அந்தப் பணத்தை இப்போது கொடுத்துவிடாதீர்கள்.

சென்சார் உண்மையிலேயே கெட்டுப்போனால், எந்த லென்ஸை மாட்டினாலும், எந்த அப்பர்ச்சரில் (லென்ஸினுள் ஒளி புகும் துளையின் அளவு) எடுத்தாலும், வெயிலானாலும் அறையானாலும் கோளாறு ஒரே மாதிரி தெரியும். படத்தின் மேலிருந்து கீழ்வரை ஒரே நேர்கோடு ஓடும். அல்லது படம் முழுவதும் ஊதாவோ பச்சையோ படியும். அல்லது உருவம் சிதைந்து, கடைசியில் வெறும் கறுப்புப் படம்தான் கிடைக்கும். 2005ஆம் ஆண்டு சோனி தயாரித்த சில சிசிடி சென்சார்கள் வெப்பமும் ஈரமும் மிகுந்த சூழலில் உள்ளிணைப்பு விட்டுப்போய்ப் பழுதாவது தெரியவந்தபோது, அவற்றைப் பயன்படுத்திய கேனான், நிக்கான், ஃபூஜிஃபில்ம், ஒலிம்பஸ் உள்ளிட்ட பல நிறுவனங்கள் அந்தக் கேமராக்களை இலவசமாகச் சரிசெய்து தந்தன. அந்தச் சென்சார்கள் தந்த படங்கள் சிதைந்தோ, நிறம் மாறியோ, முழுக் கறுப்பாகவோதான் இருந்தன. வானத்தில் மட்டும் தெரிந்து, அறைக்குள் மறைந்துவிடும் மங்கலான வட்டங்கள் அந்த வகையைச் சேர்ந்தவை அல்ல. அவை தூசி.

டிஎஸ்எல்ஆர் கேமராவில் சென்சாருக்கு முன்னால் மெல்லிய வடிகட்டிக் கண்ணாடி ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். லென்ஸை மாற்றும்போது உள்ளே போகும் தூசி அதன்மேல்தான் அமர்கிறது. சென்சாரின் மேல் அல்ல. அப்பர்ச்சர் அகலமாகத் திறந்திருக்கும்போது ஒளி பல கோணங்களிலிருந்து வந்து விழுவதால் தூசியின் நிழல் கரைந்துபோகிறது. எஃப் 11, எஃப் 16 என்று அது குறுகும்போது ஒளி ஏறக்குறைய ஒரே கோணத்தில் வருவதால் நிழல் அழுத்தமாக விழுகிறது. குழல்விளக்கின் கீழ் கையை நீட்டினால் சுவரில் மங்கலாகவும், ஒற்றை மெழுகுவத்தியின் முன் நீட்டினால் அழுத்தமாகவும் நிழல் விழுவதைப் போன்றதே இது. அறைக்குள் வெளிச்சம் போதாமல் நீங்கள் எஃப் 4 அல்லது எஃப் 5.6 வைத்து எடுத்திருப்பீர்கள். வெளியே எஃப் 11 வைத்திருப்பீர்கள். படங்களோடு பதிவாகியிருக்கும் விவரங்களைக் கணினியில் திறந்து பாருங்கள், ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும்.

உறுதிசெய்துகொள்ள ஒரு சோதனை உண்டு. சிறிய லென்ஸை மாட்டி, ஐஎஸ்ஓ (ஒளியுணர்திறன்) 100, எஃப் 22 என்று வைத்து, ஃபோகஸைக் கையால் முழுவதும் கலைத்துவிட்டு, மேகமில்லாத வானத்தையோ வெள்ளைச் சுவரையோ படமெடுங்கள். ஷட்டர் வேகம் குறைந்து கை ஆடினாலும் கவலையில்லை; சுவர் கலங்கும், தூசி சென்சாருக்கு முன்னால் உள்ள வடிகட்டிக் கண்ணாடியில் ஒட்டியிருப்பதால் அது கலங்காது. பிறகு எஃப் 5.6இல் அதே படத்தை எடுங்கள். முதல் படத்தில் தெரிந்த புள்ளிகள் இரண்டாவதில் மறைந்தால் வேறு சந்தேகமே வேண்டாம்.

இனி, அதை நீக்கும் முறை. முதலில் கேமராவின் மெனுவில் உள்ள தானியங்கிச் சுத்திகரிப்பை இயக்குங்கள். வடிகட்டிக் கண்ணாடியை மிக வேகமாக அதிரச் செய்து தூசியை உதறும் இந்த ஏற்பாட்டை 2003இல் வெளிவந்த ஒலிம்பஸ் இ-1 கேமரா முதலில் கொண்டுவந்தது. இப்போது ஏறக்குறைய எல்லாக் கேமராக்களிலும் உள்ளது. அதற்கும் போகாத தூசிக்கு, கையால் அமுக்கிக் காற்றை ஊதும் ரப்பர் ப்ளோயர் போதும். பேட்டரியை முழுவதும் சார்ஜ் செய்துகொண்டு, சென்சாரைக் கையால் சுத்தம் செய்வதற்கான மெனுவைத் தேர்ந்தெடுத்தால் லென்ஸுக்குப் பின்னால் உள்ள பிரதிபலிப்புக் கண்ணாடி மேலேறி ஷட்டர் திறந்து நிற்கும். சார்ஜ் நடுவில் தீர்ந்தால் கண்ணாடியும் ஷட்டரும் சட்டென்று மூடிக்கொள்ளும் என்பதால்தான் முழு சார்ஜ் அவசியம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, கேமராவின் வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்து, ப்ளோயரின் நுனி உள்ளே நுழையாத தூரத்தில் வைத்து நன்றாக ஊதுங்கள். உதிரும் தூசி தானாகக் கீழே விழும்.

எது எங்கே இருக்கிறது என்று தெரிந்து ஊதினால் வேலை எளிது. லென்ஸ் வழியாக விழும் உருவம் சென்சாரில் தலைகீழாக இருப்பதால், படத்தின் மேல் இடது மூலையில் தெரியும் புள்ளி, கேமராவை எதிரிலிருந்து பார்க்கும் உங்களுக்குக் கீழ் இடது மூலையில் இருக்கும்.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறித்தால் தூசியைவிடப் பெரிய தொல்லை. கடைகளில் விற்கும் அழுத்தக் காற்று டப்பாக்களும் வேண்டாம். அவற்றிலுள்ள திரவம் கண்ணாடியில் படிந்துவிடும். பஞ்சு, சட்டைத் துணி, மூக்குக்கண்ணாடி துடைக்கும் துணி எதுவும் அந்த இடத்தைத் தொடக் கூடாது.

ப்ளோயருக்கும் அசையாத புள்ளி எண்ணெயாக இருக்கலாம். ஷட்டரின் உள்ளுறுப்புகளிலிருந்து சில கேமராக்களில் நுண்துளிகள் தெறிப்பது உண்டு. நிக்கான் 2012இல் வெளியிட்ட டி600 கேமராவில் இத்தகைய புள்ளிகள் குறித்துப் பரவலாகப் புகார் எழுந்து, 2014இல் அந்நிறுவனம் இலவசமாகச் சுத்தம் செய்து ஷட்டரையும் மாற்றித் தருவதாக அறிவித்தது. எண்ணெய்ப் புள்ளியைத் திரவம் தோய்த்த பட்டையால்தான் நீக்க முடியும். அதைப் பழகியவரிடம் கொடுத்துச் செய்வதே நல்லது. அதற்கான கூலி சென்சார் மாற்றும் செலவில் மிகச் சிறிய பங்குதான் வரும்.

லென்ஸ் பற்றிய மற்ற இரண்டு கேள்விகளுக்கும் பறவைகளை எடுக்கும் நண்பர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

நீர்க்காகம் எழுதியது:

பழுதுமேசை அவர்கள் சொன்னதை முழுவதும் வழிமொழிகிறேன். பல ஆண்டுகளாகப் பழவேற்காட்டிலும் கோடியக்கரையிலும் பறவைகளை எடுத்து வருகிறேன் என்பதால், லென்ஸைப் பற்றிச் சிறிது எழுதலாம் என்று நினைக்கிறேன்.

உங்கள் ஊரின் காற்றில் உப்பு மிகுதி. லென்ஸின் பின்புறத்தில் வரிசையாக இருக்கும் பொன்முலாம் பூசிய சின்ன மின்முனைகளைச் சாய்வான வெளிச்சத்தில் பாருங்கள். சுத்தமாக இருந்தால் ஒவ்வொன்றும் மஞ்சளாகப் பளிச்சிடும்; உப்பும் விரல் எண்ணெயும் படிந்திருந்தால் பளபளப்பு குன்றி, மேலே மெல்லிய ஆடை தெரியும். கேமராவை அணைத்து, லென்ஸைக் கழற்றி, நூல் உதிராத துணியால் அந்த முனைகளைத் துடையுங்கள். போகாவிட்டால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைத் துணியில் மட்டும் ஒரு துளி விட்டுத் துடைக்கலாம். லென்ஸின் மேல் நேரடியாக ஊற்றக் கூடாது. கேமராவின் பக்கம் உள்ள முனைகளைத் துடைக்கும்போது அதன் வாய் கீழ்நோக்கியே இருக்கட்டும். பென்சில் ரப்பரால் தேய்க்கச் சொல்லும் ஆலோசனை இணையத்தில் நிறையக் கிடைக்கிறது, அதை ஏற்காதீர்கள். பொன்முலாம் தேய்வதோடு, ரப்பர்த் துகள்கள் உள்ளே விழுந்து தூசிக் கணக்கில் சேரும்.

துடைத்த பிறகும் செய்தி வந்தால், எப்போது வருகிறது என்று கவனிப்பதில்தான் விடை இருக்கிறது. அப்பர்ச்சரை முழுவதும் திறந்து வைத்து எடுத்துப் பாருங்கள். அப்போது வராமல், எஃப் 8, எஃப் 11 என்று குறுக்கும்போது மட்டும் வந்தால் லென்ஸின் உள்ளிருக்கும் அப்பர்ச்சர் இதழ்களை இயக்கும் பகுதி பழுதாகியிருக்கிறது. அப்பர்ச்சர் எதுவானாலும் ஒரு குறிப்பிட்ட ஜூம் நீளத்தில் மட்டும் வந்தால், உள்ளே ஜூமோடு சேர்ந்து மடங்கி விரியும் பட்டை வயர் விரிசல் விட்டிருக்கிறது. கண்ட நேரத்தில் எல்லாம் வந்தால் முனைகளையே இன்னொரு முறை பாருங்கள். இந்த மூன்றையும் பிரித்தறியாமல் லென்ஸைக் கடையில் கொடுத்தால், தேவையற்ற பாகத்தையும் மாற்றிவிட வாய்ப்பிருக்கிறது.

கூர்மைக்கு வருவோம். இங்கே கேமரா, லென்ஸ், கை, காற்று என நான்கு சந்தேகங்கள் இருக்கின்றன, ஒவ்வொன்றாக விலக்கித்தான் குற்றவாளியை அடைய முடியும். லென்ஸின் முன்னால் புற ஊதா ஃபில்டர் மாட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். விலை குறைந்த ஃபில்டர்கள் 300 மி.மீ.யில் கூர்மையை வெகுவாகக் கெடுக்கின்றன. அடுத்து, கேமராவை முக்காலியில் நிறுத்தி, அச்செழுத்து நிறைந்த அட்டை ஒன்றை எதிரே வைத்து, லென்ஸில் அதிர்வுத் தடுப்பு இருந்தால் அதை அணைத்து, இரண்டு நொடி டைமரில் எடுங்கள். முதலில் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் துளை) வழியாக ஃபோகஸ் செய்தும், பிறகு லைவ் வியூவில் திரையைப் பார்த்து ஃபோகஸ் செய்தும் எடுத்து ஒப்பிடுங்கள். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டருக்கான ஃபோகஸை அளப்பது பிரதிபலிப்புக் கண்ணாடிக்குக் கீழே தனியாக உள்ள ஓர் உணரி. லைவ் வியூவில் அளப்பது படமெடுக்கும் சென்சாரேதான். ஆகவே, லைவ் வியூ படம் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருந்தால் லென்ஸின் கண்ணாடிகள் நன்றாகவே இருக்கின்றன, ஃபோகஸ் ஒத்திசைவுதான் விலகியிருக்கிறது என்று பொருள். சில கேமராக்களின் மெனுவிலேயே அதைத் திருத்தலாம்; மற்றவற்றைச் சர்வீஸ் சென்டரில்தான் சரிசெய்ய முடியும். இரண்டு படங்களும் மங்கல் என்றால் கோளாறு லென்ஸின் கண்ணாடிகளில் இருக்கிறது.

இரண்டுமே கூர்மையாக இருந்தால் கேமராவையும் லென்ஸையும் விட்டுவிட்டு எடுக்கும் முறையைப் பார்க்க வேண்டும். சிறிய சென்சார் கொண்ட டிஎஸ்எல்ஆரில் 300 மி.மீ. லென்ஸ் ஏறக்குறைய 450 மி.மீ. லென்ஸுக்குரிய பார்வைக் கோணத்தைத் தருவதால், கையில் பிடித்து எடுக்க 1/500 நொடிக்குக் குறையாத வேகம் வேண்டும். பறக்கும் பறவைக்கு நான் 1/1600க்குக் கீழே இறங்குவதில்லை. ஐஎஸ்ஓவை 800 வரை ஏற்றினால் படத்தில் சற்று மணல் தட்டும், ஆனால் கலங்கிய படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

கடைசியாக, உப்பளங்களின் மேல் வெயில் ஏறிய பிறகு தரையை ஒட்டிய காற்று கொதித்து நெளிவதை நீங்கள் தினமும் பார்த்திருப்பீர்கள். தொலைவில் நிற்கும் பூநாரைக்கும் உங்களுக்கும் இடையே அந்தக் காற்று முழுவதும் இருக்கிறது. அதன் வழியாக எடுத்தால் எவ்வளவு விலையுயர்ந்த லென்ஸிலும் இறகின் ஓரம் நெளிந்துதான் விழும். காலை வெயில் சூடேறுவதற்கு முன்பே எடுத்து முடிப்பதும், பறவையைக் கலைக்காமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்குவதும் தவிர அதற்கு வேறு வழி கிடையாது.

கடற்கரைச்சாலை எழுதியது:

வணக்கம். நண்பர் மூன்றாவதாகச் சொன்ன குறையில், வெயிலை நோக்கி எடுக்கும்போது படம் வெளிறிப்போகிறது என்ற ஒரு வரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். தூத்துக்குடியில் இருப்பதால் இதை மிக நெருக்கமாக அறிவேன். மழைக்காலம் முழுவதும் மூடிய பைக்குள் கிடந்த லென்ஸ் இப்படி நடந்துகொண்டால் முதலில் சந்தேகிக்க வேண்டியது பூஞ்சையை.

லென்ஸைக் கேமராவிலிருந்து கழற்றி இருட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள். லென்ஸில் அப்பர்ச்சர் வளையமோ நெம்புகோலோ இருந்தால் இதழ்களை முழுவதும் திறந்துகொள்ளுங்கள். கைப்பேசியின் டார்ச்சைப் பின்புறத்தில் சற்றுச் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முன்புறத்திலிருந்து பாருங்கள். ஒளி நேராகக் கண்ணில் விழாத கோணமாக இருக்க வேண்டும். தூசி தனித்தனிப் பொட்டுகளாக மின்னும். அது எவ்வளவு பழைய லென்ஸிலும் இருக்கும், படத்தைப் பாதிக்காது. கண்ணாடி முழுவதும் சீரான மங்கல் தெரிந்தால் அது உள்ளிருக்கும் எண்ணெய் ஆவியாகிப் படிந்த படலம். பூஞ்சையோ, பெரும்பாலும் கண்ணாடியின் விளிம்பில் தொடங்கி, நடுவை நோக்கிக் கிளை பிரிந்து செல்லும் மெல்லிய வெள்ளை இழைகளாகத் தெரியும். ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு மறக்கவே மாட்டார்கள். ஜூமைத் திருப்பிக்கொண்டே பார்த்தால் அது எந்த அடுக்கில் இருக்கிறது என்பதும் புலப்படும்.

விளிம்பில் மட்டும் இருந்தால் சாதாரணப் படங்களில் வேறுபாடு தெரியாது. எதிர்வெளிச்சத்தில்தான் ஒளி அந்த இழைகளில் சிதறிப் படத்தை வெளிறச் செய்யும். அதற்காக அப்படியே விட்டுவிடக் கூடாது. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை மெல்ல அரிக்கிறது. பூச்சு அரிபட்ட பிறகு பூஞ்சையைத் துடைத்து எடுத்தாலும் அதன் தடம் நிரந்தரமாக நின்றுவிடும். ஆகவே, தொடக்கத்திலேயே பிரித்துச் சுத்தம் செய்துவிட்டால் லென்ஸ் பிழைக்கும்.

பூஞ்சை பிடித்த லென்ஸை மற்ற லென்ஸ்களுக்குப் பக்கத்திலேயே வைக்கக் கூடாது, தொற்றிவிடும் என்று பலர் அஞ்சுகிறார்கள். என் கருத்து வேறு. பூஞ்சை வித்துகள் நாம் மூச்சுவிடும் காற்றில் எப்போதும் இருக்கின்றன. எல்லா லென்ஸ்களிலும் ஏற்கெனவே படிந்துமிருக்கின்றன. அவை முளைப்பதா வேண்டாமா என்பதை ஈரம்தான் தீர்மானிக்கிறது. நிக்கானின் கையேடுகள் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும் இடத்தில் கேமராவை வைக்க வேண்டாம் என்று எச்சரிக்கின்றன. நம் கடலோர ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அந்த அளவுக்கு மேல்தான் என்பதால், செயற்கையாகத்தான் உலர்வை ஏற்படுத்த வேண்டியிருக்கிறது.

அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ரப்பர் வளையம் வைத்து இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஆகிய மூன்றும் போதும். கருவி 40க்கும் 50க்கும் இடையில் காட்டினால் நல்லது. சிலிக்கா ஜெல்லில் நிறம் மாறும் வகையை வாங்குங்கள். உலர்ந்திருக்கும்போது ஆரஞ்சாக இருப்பது ஈரத்தை உறிஞ்சி நிறைந்ததும் பச்சையாகும். அப்போது வாணலியில் மிதமான சூட்டில் வறுத்தால் மீண்டும் ஆரஞ்சுக்குத் திரும்பிவிடும். அந்த வாணலியைச் சமையலுக்குப் பயன்படுத்தாதீர்கள். வசதி இருந்தால் மின்சாரத்தில் இயங்கும் உலர் அலமாரி வாங்கலாம்.

அரிசியில் புதைப்பது, கற்பூரம் போட்டு வைப்பது, அந்துருண்டை போட்டு வைப்பது ஆகியவை நம் வீடுகளில் சாதாரணமாகச் செய்யப்படுகின்றன. அரிசியின் மாவுத்தூள் லென்ஸின் இடுக்குகளில் புகுந்துவிடும். கற்பூரத்துக்கும் அந்துருண்டைக்கும் அருகில் வைக்கக் கூடாது என்று மேலே சொன்ன கையேடுகளே குறிப்பிடுகின்றன. தோல் பை, நுரை வைத்த பை இரண்டும் ஈரத்தைப் பிடித்து வைப்பவை. பயணத்துக்கு மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இதோடு சேர்த்து இன்னொன்று. குளிரூட்டிய அறையிலிருந்தோ காரிலிருந்தோ கேமராவைச் சட்டென்று வெளியே எடுத்தால், குளிர்ந்த கண்ணாடியின் மேல் கடற்காற்றின் ஈரம் அப்படியே படியும். பையை மூடியபடியே அரைமணி நேரம் வெளியே வைத்துவிட்டு, பிறகு திறப்பதே முறை. படிந்த ஈரத்தோடு லென்ஸைக் கழற்றி மாற்றினால் அது கேமராவின் உள்ளே போகும்.

உப்பங்கழி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நீங்கள் சொன்ன சோதனைகளை ஒன்றுவிடாமல் செய்து பார்த்தேன்.

எஃப் 22இல் வெள்ளைச் சுவரை எடுத்தபோது வானத்தில் கண்டதைவிடவும் அதிகப் புள்ளிகள் தெரிந்தன, எஃப் 5.6இல் ஒன்றுகூட இல்லை. ப்ளோயரால் ஊதிய பிறகு அவற்றில் பெரும்பாலானவை போய்விட்டன. வலது ஓரத்தில் ஒன்று மட்டும் அசையாமல் இருக்கிறது. மின்முனைகளைத் துடைத்த பிறகு பிழைச் செய்தி வருவது குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை. அப்பர்ச்சரை எப்படி வைத்தாலும் ஜூமை 200 மி.மீ.க்கு மேல் திருப்பும்போதுதான் வருகிறது. அச்செழுத்து அட்டையை வியூஃபைண்டரில் எடுத்தாலும் லைவ் வியூவில் எடுத்தாலும் படத்தின் நடுப்பகுதி கூர்மையாகவே இருக்கிறது. டார்ச் வைத்துப் பார்த்தபோது முன்கண்ணாடிக்கு உள்பக்க விளிம்பில், கடற்கரைச்சாலை அவர்கள் எழுதியபடியே, கிளை பிரிந்த வெள்ளை இழைகள் தெரிகின்றன. நடுவரை வரவில்லை.

இதற்கிடையில் புதிதாக ஒன்று. தொடர்ச்சியாகப் படங்களை எடுத்துக்கொண்டிருந்தபோது மெமரி கார்டைப் படிக்க முடியவில்லை என்று செய்தி வந்து, கணினியிலும் கார்டு திறக்க மறுக்கிறது. ஃபார்மட் செய்யட்டுமா என்று கேட்கிறது. அதில் பூநாரைக் கூட்டம் எழுந்து பறக்கும் படங்கள் இருக்கின்றன. 64 ஜிபி கார்டு. இதுவும் கேமராவின் கோளாறுதானா? படங்களை மீட்க வழி உண்டா? லென்ஸை இனி என்ன செய்வது என்பதையும் சொல்லுங்கள்.

பழுதுமேசை எழுதியது:

ஐயா, நீங்கள் இவ்வளவு பொறுமையாகச் சோதித்து எழுதியிருப்பதால் பதில் சொல்வது எளிதாகிவிட்டது. கேமரா நன்றாக இருக்கிறது. உங்கள் முதல் மூன்று தொல்லைகளில் பிழைச் செய்தியும் எதிர்வெளிச்சத்தில் படம் வெளிறுவதும் 70-300 லென்ஸைச் சேர்ந்தவை. அச்செழுத்து அட்டை கூர்மையாக விழுவதால், கூர்மைக் குறைவுக்கு நீர்க்காகம் அவர்கள் சொன்ன எடுக்கும் முறையையும் காற்றையும் பாருங்கள். 200 மி.மீ.க்கு மேல் மட்டும் பிழை வருவது, நீர்க்காகம் அவர்கள் சொன்ன பட்டை வயர்தான் என்பதைக் காட்டுகிறது. அந்த வயரை மாற்றவும் பூஞ்சையைத் துடைக்கவும் லென்ஸைப் பிரித்தாக வேண்டும் என்பதால், இரண்டையும் ஒரே தடவையில் செய்யக் கொடுங்கள். பிரிக்கும் கூலி ஒருமுறையோடு முடியும். இந்த வகை லென்ஸ் பழையதாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கிறது. ஆகையால் பழுதுபார்க்கும் செலவு அந்த விலையில் பாதியைத் தாண்டினால், நல்ல நிலையில் உள்ள வேறொரு லென்ஸை டார்ச் வைத்துப் பார்த்து வாங்கிக்கொள்வதே உசிதம் என்பது என் எண்ணம்.

கொடுப்பதானால், என்ன குறை, எந்த ஜூம் நீளத்தில் வருகிறது என்பதையெல்லாம் தாளில் எழுதிக் கொடுத்து, மதிப்பீட்டையும் எழுத்தில் வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் தயங்க மாட்டார். லென்ஸ் திரும்பி வந்ததும், செங்கல் சுவர் ஒன்றுக்கு நேர் எதிரே முக்காலியில் நிறுத்தி, அப்பர்ச்சரை முழுவதும் திறந்து எடுத்து, நான்கு மூலைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கலாக இருந்தால் கண்ணாடி அடுக்கு கோணலாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. திருப்பிக் கொடுத்துச் சரிசெய்யச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. எஞ்சியிருக்கும் அந்த ஒரு புள்ளியை அதே இடத்தில் துடைத்துவிடுவார்கள். அதுவரை எஃப் 8ஐத் தாண்டாமல் எடுங்கள், தெரியாது.

கார்டு விஷயம் வேறு, இதுதான் இப்போது அவசரமானது. அதில் இனி ஒரு படம்கூட எடுக்காதீர்கள். கணினி கேட்கும் ஃபார்மட்டுக்கும் சம்மதிக்காதீர்கள். பெரும்பாலும் படங்கள் அழிந்திருக்காது; எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணைதான் கலைந்திருக்கும். தொடர்ச்சியாக எடுத்த பிறகு கேமரா படங்களைக் கார்டில் எழுதி முடிக்கச் சற்று நேரம் பிடிக்கும். அந்தச் சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும்போது பேட்டரி தீர்ந்தாலோ, கதவைத் திறந்தாலோ இப்படி நேர்வது வழக்கம். ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருள், கலைந்த அட்டவணையைப் பொருட்படுத்தாமல் கார்டை நேரடியாகத் துழாவிப் படங்களைத் தேடி எடுக்கும். பழைய பெயர்கள் திரும்பக் கிடைக்காது, படங்கள் கிடைக்கும். மீட்கும் படங்களைக் கணினியின் வட்டில் சேமியுங்கள். அதே கார்டில் சேமித்தால் மீட்கப்படாத படங்களின் மேலேயே எழுதிவிடும்.

உங்கள் கேமரா 64 ஜிபி கார்டை ஏற்குமா என்பதையும் கையேட்டில் பாருங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகளுக்கான எஸ்டிஎக்ஸ்சி தரம் 2009இல்தான் அறிவிக்கப்பட்டது. அதற்கு முந்தைய கேமராக்களுக்கு அந்தக் கார்டுகள் பயன்படுத்தும் எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு அமைப்பு தெரியாது. கார்டின் இடது ஓரத்தில் உள்ள பூட்டுச் சில்லு தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். தளர்ந்திருந்தால் கேமராவுக்குள் செருகும்போதே அது பூட்டு நிலைக்கு நகர்ந்து, எழுத முடியாது என்ற செய்தியைக் கொண்டுவரும். கார்டு போலியாக இருந்தால் முதலில் எடுத்த படங்கள் சரியாகவும், பிற்பாடு எடுத்தவை பாதி சாம்பலாகவும் மீளும். அப்படிக் கண்டால் அதை அன்றோடு ஒதுக்கிவிடுங்கள்.

மீட்ட படங்களை ஒவ்வொன்றாக முழு அளவில் திறந்து பார்த்து, வேறொரு வட்டிலும் நகல் எடுத்து வைத்த பிறகு, கார்டைக் கணினியில் அல்லாமல் கேமராவிலேயே ஃபார்மட் செய்து, முக்கியமில்லாத படங்களால் ஒருமுறை நிரப்பிப் பார்த்துவிட்டுக் கோடியக்கரைக்கு எடுத்துச் செல்லுங்கள்.